பருத்திச் சவ்வும் சாண வாயுவும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசற் காட்டில் பருத்தி எடுக்கும் குடியானவர் எவரும், அரவை ஆலையிலிருந்து வரும் பருத்திக் கொட்டையைக் கையிலெடுத்துப் பார்த்திருப்பர். நீண்ட பஞ்சு முழுதும் நீங்கிய பின்னும் கொட்டையின்மேல் பொடிமயிர் போன்ற சிறுபஞ்சு ஒட்டிக்கொண்டே இருக்கும். நூற்பதற்கு உதவாத இச் சிறுபஞ்சைப் பற்றிக் கவலை கொள்வாரில்லை. மாட்டுத் தீனிக்கும், வீட்டில் பருத்திப் பாலுக்கும் கொட்டையை ஊறவைத்து ஆட்டும்போது அதுவும் சக்கையோடு சக்கையாய்ப் போய்விடுகிறது. ஆயினும், அச் சிறுபஞ்சின் மூலப்பொருளைச் சிறிது மாற்றிச் செய்த மெல்லிய சவ்வு, கலந்து கிடக்கும் வாயுக்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் கொடுக்க வல்லது. அப் பிரிப்புக்கு ஒரு குடம் தண்ணீரும் வேண்டுவதில்லை. கோடையில் குடிநீருக்கே ஊருணியை நம்பி நிற்கும் நம் பிரதேசத்தில் இது கவனிக்கத்தக்க விஷயமாகும்.

சாண வாயுக் கலம் வைத்திருப்போர் சிலர், வாயுவைச் சுத்திகரிக்கும் சவ்வுக் கருவி வாங்கலாமா என்று அண்மைக் காலத்தில் விசாரிக்கின்றனர். விற்பனைக்கு வருவோர் சொல்வதை மாத்திரம் கேட்டுப் பணத்தை முடக்குவதற்கு முன், சவ்வு என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, யாருக்கு உகந்தது என்பவற்றை அறிந்துகொள்வது நலம்.

சாண வாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீதேன் என்னும் எரியும் வாயு உண்டு. ஏனையது பெரும்பாலும் கரியமில வாயு. சிறிதளவு நீராவியும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் ஸல்பைடும் கலந்திருக்கும். கரியமில வாயு எரியாது. எரிவதற்கு உதவவும் செய்யாது. ஆயினும் வீட்டு அடுப்பைப் பொறுத்தவரை அதனால் தீங்கொன்றுமில்லை. அடுப்பின் துளைகள் சாண வாயுவிற்கேற்றபடி அமைந்திருப்பின், சோறும் குழம்பும் பழுதின்றிக் கொதிக்கும். கலத்து வாயு 1 கன மீட்டர், கடையில் வாங்கும் சமையல் வாயுவில் சுமார் 0.43 கிலோவுக்குச் சமமான வேலை செய்யும். ஆகவே சமையலுக்கு மட்டும் கலம் வைத்திருப்போர்க்குச் சவ்வு வேண்டுவதேயில்லை என்று முதலிலேயே கூறிவிடுகிறோம்.

வாயுவைச் சேமித்து வைக்கவோ, வண்டிகளுக்கு ஊற்றவோ, விற்கவோ எண்ணும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பத்துப் பங்கு வாயுவை உருளையில் அழுத்தி அடைத்தால், அதில் நான்கு பங்கு பயனற்ற கரியமில வாயுவாக இருக்கும். அதை அழுத்தவும் சுமக்கவும் ஆகும் செலவு வீண். மேலும், அழுத்தம் ஏறியபோது ஈரத்தோடு கூடி அது அமிலமாகி இரும்பை அரிக்கும். எரிபொருளாக விற்கப்படும் சாண வாயுவிற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று 2016இல் வகுக்கப்பட்டுள்ளது. அதன்படி மீதேன் நூற்றுக்கு 90க்குக் குறையாமலும், கரியமில வாயு 4க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். 2018ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மத்திய அரசு தொடங்கிய 'ஸதத்' திட்டத்தின்கீழ் எண்ணெய்க் கம்பெனிகள் இத்தகைய வாயுவை வாங்க முன்வந்ததன் பின்னரே, இவ் விசாரணைகள் மிகுந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமையல் வாயு உருளையில் சாண வாயுவை ஏற்றிப் பார்க்கலாமென்று சிலர் நினைக்கின்றனர். சமையல் வாயு சிறிய அழுத்தத்தில் திரவமாகிவிடும். மீதேனோ, நம் நாட்டு வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினும் திரவமாகாது. 200 மடங்கு வளியழுத்தத்திற்கு மேலேற்றினாற்றான் உருளையில் போதிய அளவு அடங்கும். சமையல் வாயு உருளை அதைத் தாங்காது, வெடித்துவிடும்.

கரியமில வாயுவை நீக்க நெடுங்காலமாகக் கையாளப்படும் எளிய வழி தண்ணீரில் கழுவுதல். கரியமில வாயு நீரிற் கரையும். மீதேன் மிகச் சொற்பமே கரையும். ஆனால் எவ்வளவு நீர் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர், முழு வளியழுத்தமுள்ள தனிக் கரியமில வாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு லிட்டரைக் கரைத்துக்கொள்ளும். 40 பாகையிலோ, பாதி லிட்டரைச் சற்றே தாண்டும். கலப்பு வாயுவில் கரியமில வாயுவின் பங்கு நாற்பதே ஆகையால், கரையும் அளவு அதற்குத் தக்கபடி இன்னும் குறையும். 2 கன மீட்டர் வாயுவை 10 மடங்கு அழுத்தத்தில் வைத்துக் கழுவினாலும், சிறந்த ஏற்பாட்டிற்கூடச் சுமார் 300 லிட்டர் நீர் வேண்டும். அழுத்தமின்றிக் கழுவினால் 3,000 லிட்டர். அந் நீரைக் காற்றூட்டிக் கரியமில வாயுவை வெளியேற்றி மறுபடியும் பயன்படுத்தலாம் என்பது மெய்யே. எனினும் சித்திரை வைகாசி வெயிலில் அதைக் குளிர்விக்கவும், ஆவியாய்ப் போனதை ஈடுசெய்யவும் வேண்டும். நீர் எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு குறைவாகவே கரைக்கும். ஆக, நம்மிடம் நீர் மிகக் குறைந்திருக்கும் பருவத்திற்றான் இம் முறை மிகுதியான நீரைக் கேட்கிறது. கண்மாய் பெருகும் ஊரில் இது குறையன்று. குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த ஊர்களில் இதனை யோசித்தே செய்தல் வேண்டும்.

இனிச் சவ்வைப் பற்றிக் கூறுவாம். சவ்வு என்றதும் சல்லடை நினைவுக்கு வரும். அவ்வாறு கருதுவது தவறு. இச் சவ்வில் துளையே கிடையாது. 1831இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வைத்தியர் மிட்செல் என்பவர், ரப்பர்ப் பைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வைத்து, அவை ஒரே வேகத்தில் சுருங்கவில்லை என்பதைக் கண்டார். கரியமில வாயு விரைந்து வெளியேறியது. ரப்பர் அவ் வாயுவை உறிஞ்சிக்கொள்வதையும் அவர் கவனித்தார். 1866இல் இங்கிலாந்தில் தாமஸ் கிரஹாம் இதற்குக் காரணம் உரைத்தார். வாயு முதலில் சவ்வின் ஒரு பக்கத்தில் கரைகிறது. பின்பு அதனூடே ஊர்ந்து செல்கிறது. மறுபக்கத்தில் மீண்டும் வாயுவாக வெளிப்படுகிறது. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்காயுள்ள பிராண வாயுவை, ரப்பர்ச் சவ்வின் மூலமாக 40 பங்குக்கு மேலாக அவர் செறிவாக்கிக் காட்டினார்.

ஆகவே இரண்டு காரியங்கள் ஒருங்கே நடைபெறுகின்றன. எந்த வாயு சவ்வின் பொருளோடு இணக்கமுடையதோ அது மிகுதியாய்க் கரையும். எதன் அணுத்திரள் சிறியதோ அது விரைந்து ஊரும். அடர்ந்து வளர்ந்த கம்பங்கொல்லைக்குள் ஆட்டுக்குட்டி தாள்களுக்கிடையே நுழைந்து போய்விடும். எருது தயங்கி நிற்கும். கரியமில வாயுவின் அணுத்திரள் மீதேனுடையதைக் காட்டிலும் ஒடுங்கியது. பல சவ்வுகளில் எளிதாகக் கரைவதும் அதுவே. எனவே அழுத்தத்தோடு சாண வாயுவைச் சவ்வின் ஒரு புறத்தில் செலுத்தினால், கரியமில வாயு குறுக்கே கடந்து மறுபுறம் போய்விடும். மீதேன் கடவாமல் சென்ற வழியிலேயே சென்று வெளிவரும். நீராவியும் கரியமில வாயுவுடன் கடந்து போய்விடுவதால், வெளிவரும் மீதேன் உலர்ந்ததாய் இருப்பது ஓர் அனுகூலம்.

எந்தப் பொருளால் சவ்வு செய்வது என்பதில் இரசாயனத்தின் திறமை அடங்கியுள்ளது. ரப்பர் போன்ற நெகிழ்ச்சிப் பொருள்கள் வாயுவை விரைவாக விடும். ஆனால் தராதரம் பாரா. ஸிலிகோன் ரப்பரில் கரியமில வாயு, மீதேனைப் போல் மூன்று மடங்கு வேகத்திலேயே கடக்கும். இறுகிய கண்ணாடித் தன்மையுள்ள பாலிமர்கள் நன்றாகத் தேர்ந்து பிரிக்கும்; ஆனால் வாயுவை மெதுவாகவே விடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைவது இத் துறையில் பெரும்பாலும் மாறாத நியதியாய் இருந்து வருகிறது. ராப்ஸன் என்பவர் 1991இல் அதுவரை அளக்கப்பட்ட பாலிமர்களையெல்லாம் ஒரு படத்திற் குறித்து, அந்த எல்லைக் கோட்டை வரைந்து காட்டினார். கோட்டைத் தாண்டும் பொருளைத் தேடுவதே அதன்பின் ஆராய்ச்சியாளரின் பெருமுயற்சியாயிற்று.

பருத்தியின் கதை இவ்விடத்தில் வருகிறது. பருத்திப் பஞ்சு ஏறக்குறைய முழுதும் செல்லுலோஸ். அது குளுக்கோஸ் என்னும் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஹைட்ராக்ஸில் எனப்படும் மூன்று கொக்கிகள் உண்டு. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் இக் கொக்கிகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. வேட்டி வெந்நீரில் கரையாமல் நிற்பது இதனாலேயே. ஆனால் இவ்விறுக்கத்தினால் உலர்ந்த செல்லுலோஸ் வாயு எதனையும் உள்ளே விடுவதில்லை. செல்லோபேன் என்னும் கண்ணாடித்தாள் செல்லுலோஸே. உலர்ந்திருக்கும் வரை வாயுவிற்கு அது அடைத்த கதவு.

கதவைத் திறக்கவேண்டுமானால் கொக்கிகளை மாற்றவேண்டும். கொட்டையினின்று சீவியெடுத்த சிறுபஞ்சைக் காஸ்டிக் சோடாவில் அழுத்தத்துடன் வேகவைத்து, எண்ணெயும் அழுக்கும் போக்கி வெளுக்கின்றனர். பின்பு காடிக்குப் புளிப்பைத் தரும் அசிடிக் அமிலத்தையும், அதன் நீரற்ற வடிவமாகிய அன்ஹைட்ரைடையும் சேர்த்து, வினை நடப்பதற்காகச் சிறிது கந்தகத் திராவகம் இடுகின்றனர். கொக்கிகளின் இடத்தில் அசிடைல் என்னும் பருத்த தொகுதிகள் வந்து அமர்ந்து விடுகின்றன. பஞ்சு பாகாகக் கரைகிறது. மூன்று கொக்கிகளும் மாறியபின் நீர் சேர்த்து, சில அசிடைல்களைத் திரும்பக் கழற்றி, கண்ணி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிற்கும் நிலையில் வினையை நிறுத்துகின்றனர். இதுவே செல்லுலோஸ் அசிடேட். பழைய புகைப்படச் சுருள்களும் சினிமாப் படச் சுருள்களும் இப் பொருளாற் செய்யப்பட்டவை.

நெருங்கிக் கிடந்த சங்கிலிகளுக்கிடையே அசிடைல்கள் ஆப்புப்போல் நின்று இடைவெளி உண்டாக்குகின்றன. கரியமில வாயுவுடன் அவை இணக்கமும் கொள்கின்றன. அசிடைலின் அளவு கூடக்கூட வாயு கடக்கும் வேகமும் கூடுகிறது. தனித்தனி வாயுவாக வைத்து அளந்தால், கரியமில வாயு மீதேனைப் போல் சுமார் 30 மடங்கு வேகத்தில் இச் சவ்வைக் கடக்கும். பொருள் பருத்தியே, கொக்கியை மாற்றியது ஒன்றே வேறுபாடு. இக்காலத்தில் அசிடேட்டில் பெரும்பகுதி மரக்கூழினின்றே செய்யப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகையால் கொட்டைக்கு இதனால் உடனே விலை ஏறிவிடும் என்று எவரும் கணக்குப் போடலாகாது.

சவ்வு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக வாயு கடக்கும். ஆனால் மிக மெல்லியது கிழிந்துவிடும். இச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் இந்தியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜன், சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், உப்புநீரை நன்னீராக்கும் பொருட்டு ஒரு சவ்வைச் செய்தார். அசிடேட் கரைசலைக் கண்ணாடித் தட்டின்மேல் பரப்பி, மேற்புறம் சிறிது உலர்ந்ததும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினர். மேலே நொய்ய தோலும், கீழே அதைத் தாங்கும் கடற்பஞ்சு போன்ற தடித்த அடுக்கும் ஒரே சவ்வில் அமைந்தன. பிரிக்கும் வேலையைச் செய்யும் தோல், முழுக் கனத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவே ஆகும். இன்று ஊர்தோறும் காணும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் சவ்வுகள் வேறு பொருளாற் செய்யப்பட்டவையாயினும், அவற்றின் வமிச மூலம் இதுவே.

அந் நீர்ச் சவ்வை வாயுவிற்குப் பயன்படுத்த ஓர் இடையூறு இருந்தது. அதை அப்படியே உலர்த்தினால், கோடையிற் கரிசல் மண் சுருங்கி வெடிப்பதைப் போலச் சவ்வும் சுருங்கிக் கீழடுக்கின் நுண்துளைகள் அடைபட்டன. நீரை முதலில் ஒருவகைச் சாராயத்தாலும், பின்பு ஹெக்ஸேன் என்னும் இலேசான எண்ணெயாலும் படிப்படியாக மாற்றிய பின் உலர்த்துவது என்னும் உபாயத்தால் அது தீர்ந்தது. 1980ஐ அடுத்த ஆண்டுகளில் இயற்கை வாயுக் கிணறுகளில் கரியமில வாயுவை நீக்க அசிடேட் சவ்வுகள் ஏற்பட்டன. பாகிஸ்தானில் சிந்து மாகாணத்துக் காதிர்பூரில் இவ்வகைச் சவ்வினால் நடைபெறும் பெரிய நிலையம் 1990களின் இறுதியில் அமைந்தது.

அசிடேட்டிலும் குறையுண்டு. மிகுந்த அழுத்தத்தில் கரியமில வாயு ஏராளமாகக் கரைந்தால், ஊறிய தோல்போலச் சவ்வு நெகிழ்ந்துவிடும். அப்போது மீதேனும் உடன் நழுவும். கிணற்று வாயுவில் முப்பது மடங்கு என்பது பத்து, பதினைந்தாக இறங்குவதுண்டு. சாண வாயுவின் அழுத்தம் அவ்வளவு இல்லையாதலின் நமக்கு இக் கேடு குறைவு. இதைப் போக்கச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து நெகிழாமற் செய்யும் வழிகளும், பாலிஇமைடு முதலிய விறைப்பான பாலிமர்களில் இடம் பிடிக்கும் தொகுதிகளைச் சேர்க்கும் வழிகளும் கண்டறியப்பட்டுள்ளன. பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிச் சாலையில் பாலிபென்ஸிமிடஸோல் என்னும் பொருளை இவ்வாறு மாற்றி வாயுப் பிரிப்புக்கு ஆராய்ந்துள்ளனர். இன்று சாண வாயுவிற்கு விற்கப்படும் சவ்வுகளிற் பெரும்பாலானவை பாலிஇமைடு அல்லது பாலிஸல்போன் பொருளாற் செய்த, தலைமயிர் போன்ற நுண்குழல்கள். அவை ஆயிரக்கணக்கில் ஒரு குழாய்க்குள் கட்டுக்கட்டாய் அடைக்கப்பட்டிருக்கும்.

இடையில் ஒரு செய்தி. யூரியா செய்வதற்கு வேண்டிய அமோனியாத் தொழிற்சாலைகளில் வீணாக வெளியேறிய வாயுவினின்று ஹைட்ரஜனை மீட்பதற்காகவே, 1980ஐ ஒட்டி அமெரிக்காவில் மான்ஸாண்டோ கம்பெனியார் முதன்முதல் பெரிய அளவில் வாயுச் சவ்வுகளை விற்றனர். பாலிஸல்போன் குழல்களில் எங்கோ ஒரு நுண்துளை இருந்தாலும் வாயு தேராமற் போய்விடும். அதனைத் தடுக்க அவர்கள் செய்ததெல்லாம் மேலே மெல்லிய ஸிலிகோன் ரப்பர்ப் பூச்சு ஒன்று பூசியதே. ஓட்டைப் பானைக்கு அரக்கு வைப்பது போன்ற வேலைதான். ஆனால் அத்தொழிலையே அது நிலைநிறுத்தியது.

சவ்வு தண்ணீர் கேளாது. வேறு சில கேட்கும். முதலாவது, தூய வாயு. ஹைட்ரஜன் ஸல்பைடு, தூசி, அழுத்தும் யந்திரத்தின் எண்ணெய்த் துளி இவை சவ்வைக் கெடுக்கும். ஸல்பைடை நீக்கத் துருப்பிடித்த இரும்புச் சீவலை ஒரு பீப்பாயில் அடைத்து அதனூடே வாயுவை விடுவது போதும். கடைசல் பட்டறைகளில் சீவல் மலிவாகக் கிடைக்கும். இரண்டாவது, அழுத்தம். வாயுவைப் பத்து முதல் பதினாறு மடங்கு அழுத்தத்திற்கு ஏற்றவேண்டும். இதற்கு 1 கன மீட்டருக்குக் கால் யூனிட்டை ஒட்டி மின்சாரம் செலவாகும். மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள். ஒரே சவ்வுக்குழாய் வழியாகப் பிரித்தால், மீதேனில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கரியமில வாயுவுடன் போய்விடும். மீதேன் ஆகாயத்தில் கலந்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடேற்றும். நஷ்டத்தோடு தீங்கும் சேரும். இரண்டு மூன்று படிகளாக வைத்து, கடந்த வாயுவைத் திரும்பச் சுற்றிவிட்டால், இழப்பை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைக்கலாம்.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு மாடு 10 கிலோ சாணமிடுவதாகவும், கிலோவுக்கு 40 லிட்டர் வாயு கிடைப்பதாகவும் கொண்டால், 100 கன மீட்டர் வாயுவிற்கு 250 மாடுகள் வேண்டும். அதைச் சுத்திகரித்தால் கிடைப்பது சுமார் 40 கிலோ மீதேன். மின்சாரம் 25 யூனிட் செலவு. இதற்குக் குறைந்த அளவில் கருவி வைப்பது கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். 100 கன மீட்டரிலும்கூட ஆள் கூலி, பழுது பார்த்தல் இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே இறங்கவேண்டும். ஐந்து மாடு வைத்து 2 கன மீட்டர்க் கலம் நடத்தும் குடியானவர்க்கு எவரேனும் சவ்வு விற்க வந்தால், அவரை மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

மேலும், கரிசற் சீமையில் மாடுகளும் ஆடுகளும் பகலெல்லாம் வேலிக்கருவைக் காட்டில் மேய்கின்றன. அவற்றின் சாணம் பெரும்பகுதி காட்டிலேயே விழுகிறது. ஆட்டுக் கிடையோ நேரே நிலத்திற்கு உரமாகிறது. இரவில் தொழுவத்தில் விழுவதை மாத்திரமே கணக்கில் எடுக்கவேண்டும். ஆகவே எண்ணிக்கையில் 250 மாடுகள் உள்ள ஊரிலும் சாணம் அதில் பாதியே சேரலாம். தொழுவத்திலேயே கட்டித் தீனி போடும் பால் பண்ணைகள், கூட்டுறவுப் பால் சங்கங்கள், கோழிப் பண்ணைகள், காய்கறிக் கழிவு சேரும் நகராட்சிச் சந்தைகள் ஆகியவற்றிற்கே இது பொருந்தும். அருப்புக்கோட்டை போன்ற நகரத்தை அடுத்து இவற்றில் இரண்டு மூன்று கூடுமாயின் முயலத்தக்கது.

சாணத்தை வாயுவிற்குக் கொடுத்துவிட்டால் பருத்திக்கும் உளுந்துக்கும் எரு ஏது என்று கேட்போர் உண்டு. வரட்டியாகத் தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலத்தில் இட்டால் வாயுவாய்ப் போவது கரியும் ஹைட்ரஜனுமே. தழைச்சத்து கழிவுக் குழம்பில் தங்கி நிற்கும். ஆனால் அக் குழம்பை வெயிலில் பரப்பி உலர்த்தினால் அமோனியாவாய்ப் பெரிதும் பறந்துவிடும். குழியில் சருகும் பருத்தி மாரும் இட்டு அதன்மேல் ஊற்றி மூடி வைத்து, ஐப்பசி மழைக்கு முன் உழவில் சேர்ப்பதே சிறந்தது. நிலத்திற்கேற்ற அளவை அருப்புக்கோட்டைக் கோவிலாங்குளத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டறியலாம்.

இரும்புச் சீவற் பீப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை. சீவல் கறுத்துவிட்டால் அதன் சக்தி தீர்ந்ததென்று அறிந்து, வெளியே எடுத்துக் காற்றாட விட்டால் மீண்டும் துருவாகிப் பயன்படும். ஆனால் அவ்வாறு காற்றுப்பட்டவுடன் அது சூடேறும். சில வேளை தீயும் பற்றும். ஆகவே முதலில் நீர் தெளித்து நனைத்து, வைக்கோற் போருக்கும் பருத்தி அம்பாரத்திற்கும் எட்டத்தில் மெல்லிய படையாகப் பரப்புக.